மதியம் ஒன்று முதல் இரண்டு வரை

முதல் வாரம் நாங்கள் செய்ததெல்லாம்
சுவரில் மஞ்சள் தாள் ஒட்டியதுதான்.
கதகதப்பான அறை, நல்ல காப்பி, ஐந்து பேர்.
'பயனர்' என்றெழுதி ஒரு வட்டம் போட்டோம்.
வட்டத்துக்குக் கண் வைத்து
போனால் போகிறதென்று
ஒரு புன்னகையும் வைத்தோம்.

உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
அந்த வட்டத்தின் பெயர் பில்கூன்.
வயது பன்னிரண்டு.
இருபது லிட்டர் கேன்கள் மூன்று,
சக்கரம் கோணிய இரும்பு வண்டி ஒன்று,
பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
புன்னகை இல்லை.

இரண்டாம் வாரம் செயலியோடு போனோம்.
வரிசை வேண்டாம்,
கைப்பேசியில் எண் வரும்,
வந்த பிறகு வந்தால் போதும் என்றோம்.
குளிரில் முதலில் செத்தது என் கைப்பேசி.
வரிசை மொத்தமும் சிரித்தது.
நானும் சிரித்தேன்;
உதடு வெடித்து ரத்தம் வந்தது.

மூன்றாம் வாரம்
பேனாவில் மை உறைந்திருந்தது.
அதை வைத்துவிட்டு வண்டியைப் பிடித்தேன்.
சாவடியிலிருந்து அவன் கூடாரம் வரை
பதினோரு இடத்தில் நின்றான்.
ஏழாவது இடத்தில்
நேற்று எல்லா வீட்டுக் கேன்களும் சிந்திய தண்ணீர்
கண்ணாடியாய்ப் படுத்திருந்தது.
"எதுடா ரொம்பக் கஷ்டம்?"
மேடு என்பான், பனி என்பான் என்று காத்திருந்தேன்.
"ஒரு மணி," என்றான்.

பள்ளி விட்டு அவன் ஓடி வந்து சேர்கையில்
சாவடிக் கதவில் பூட்டு தொங்கும்.
ஒன்று முதல் இரண்டு வரை.
அந்த ஒரு மணி நேரத்துக்கு
வரிசையில் ஆளுக்கொரு சாபம் இருந்தது.
துலாம்சுரேன் தின்கிறாள்.
துலாம்சுரேன் தூங்குகிறாள்.
துலாம்சுரேன் கொரிய நாடகம் பார்க்கிறாள்.
"நகராட்சிக்கு எழுதிப் போடம்மா,
படித்தவள்தானே நீ," என்றாள் யான்ஜ்மா,
எல்லோரையும்விட உரக்க.

எழுதுவதற்கு முன்
துலாம்சுரேன் பின்னால் நடந்தேன்.
பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.
அரைக் கிலோமீட்டர் ஏறினாள்,
காலையிலிருந்து அடக்கி வைத்ததை இறக்க
தன் முற்றத்துக் கழிப்பறைக்கு.
அப்புறம் அணையப்போகும் அடுப்புக்குக் கரி.
நின்றபடியே உப்புத் தேநீர், அதுவும் பாதி.
இறக்கத்தில் ஓடினாள்.
ஐம்பத்திரண்டு வயதில் பனியில் ஓடுவது எப்படியென்று
எந்த மஞ்சள் தாளிலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை.

எங்கள் வரைபடத்தில் சாவடி ஒரு சதுரம்.
சதுரங்களுக்குச் சிறுநீர் முட்டுவதில்லை.

பழைய சுவர்த்தாளின் முதுகில்
அவள் நாளை மணிக்கணக்காக வரைந்து
யான்ஜ்மா வீட்டில் விரித்தோம்.
பதினான்கு பேர் குனிந்து பார்த்தார்கள்.
யாரோ இருமினார்கள்.
யான்ஜ்மா மட்டும் கோபம் மாறாமல் கேட்டாள்:
"என் கழிப்பறை உன் சாவடிக்குப் பின்னால் பத்தடியில்.
வாய் திறந்து கேட்டால் என்ன?"
"நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய்," என்றாள் துலாம்சுரேன்.
"சில்லறையை எண்ணுவேனா, இதைக் கேட்பேனா?"

யான்ஜ்மா எழுந்து போய்
கதவோர ஆணியிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி வந்தாள்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
அடுப்புக்கு எதிர்வீட்டுக்காரர் பொறுப்பு.
ஏழாவது இடத்துக்கு
வீட்டுக்கொரு வாளிச் சாம்பல்;
அது பில்கூன் சொன்னது.
பூட்டு ஒன்றிலிருந்து பதினொன்றுக்கு நகர்ந்தது,
இருபது நிமிடமாய்ச் சுருங்கி.

நிதி தந்தவர்கள் கேட்டார்கள்:
இதில் புதுமை எங்கே?
'சாவி' என்று எழுதினேன்.
பிறகு அழித்துவிட்டு,
அவர்களுக்குப் பிடித்த மொழியில் மூன்று பக்கம் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை டாங்கர் இன்னும் தாமதம்தான்.
அதற்கு யார் பின்னால் நடப்பதென்று தெரியவில்லை.
பில்கூன் இப்போது எட்டு இடத்தில் நிற்கிறான்.
எண்ணினேன்.
அதிலும் ஒன்று, எனக்கு மூச்சு வாங்குகிறதென்று.